பெரட்டில் கூப்பிட்ட பேர்

அம்மா முதன்முதலில் மறந்தது, தான் வேலையை விட்டு நின்றுவிட்டதைத்தான்.

வயசு முடிந்து, ஆபீசில் கைநாட்டு வைத்து, மாலை போட்டு அனுப்பி நாலு வருஷம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. ஒரு நாள் விடியக்காலையில் ஸ்டோரில் சங்கு ஊதியதும் அம்மா எழுந்து, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பிவிட்டார். தேயிலை அரைக்கிற பெக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். பெரட்டு என்றால், காலையில் தொழிலாளர் எல்லாரும் களத்தில் கூடி நிற்க, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று வேலை பிரித்து அனுப்புவது. பேர் கூப்பிட்டால் அன்றைக்கு நீ ஆள். கூப்பிடாவிட்டால் வீட்டுக்குத் திரும்பி நட.

நானும் கொழுந்து எடுக்கிறவள்தான். அன்றைக்கு அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். உங்களுக்கு வேலை முடிஞ்சிருச்சும்மா, நாலு வருஷமாச்சு என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார் சொன்னது, தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்றார். விளக்கிச் சொன்னதும் வாசல் திண்ணையில், எங்கள் இஸ்தோப்பில், உட்கார்ந்து அழுதார். சரி, அழுது தீரட்டும் என்று விட்டேன். மறுநாள் சங்கு ஊதியது. மறுபடியும் படங்கு, கூடை, கிளம்பல். மறுபடியும் நான் சொல்ல, அவர் அப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி அழ. ஒரு ஆளை ஒரு தடவைதான் வேலையிலிருந்து நிறுத்த முடியும் என்பார்கள். எங்கம்மாவை நான் தினமும் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் வேலை. பிள்ளைகள் இரண்டும் ஸ்கூலுக்குப் போய்விடும். நான் மலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. என்ன செய்ய, பொகவந்தலாவை பசாரில் ஒரு பூட்டு வாங்கி வந்து, வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்த ஒரே அறை, அந்தக் காம்பராவின் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனேன். ஒரு கிழமை, ஏழு நாளும், அப்படிப் போனது. பக்கத்துக் காம்பரா அக்கா, அவரும் வேலையிலிருந்து நின்றவர்தான், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: அம்மா பகல் பூராவும் கதவைத் தட்டுகிறார், பேரு கூப்பிட்டுட்டாங்க, கதவத் தொறங்க என்று கெஞ்சுகிறார், காதில் போட்டுக்கொண்டு தன்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை என்று. இந்தப் பூட்டைப் போடாமல் அம்மாவை வைத்துக்கொள்ள ஒரு வழி கிடைக்காதா என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை. சோறு, துணி, மருந்து எல்லாம் அதற்குப் பிறகு.

வழி தானாகக் கிடைத்தது. ஒரு நாள் நான் பூட்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அம்மா நழுவிவிட்டார். நான் பின்னாலேயே ஓடிப் பெரட்டுக்களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் தன் பழைய இடத்தில், வரிசையின் மூன்றாவது ஆளாக, நிமிர்ந்து நிற்கிறார். பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கங்காணி அம்மாவோடு முப்பது வருஷம் ஒரே கேங்கில் வேலை பார்த்தவர். வாயில் வெற்றிலையோடு அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, அடுத்த பேரைக் கூப்பிடுகிற மாதிரியே, சாதாரணமாக, அம்மாவின் பேரைக் கூப்பிட்டார்.

அம்மா, "இருக்கேங்க" என்றார்.

"மகளுக்குப் பக்கத்து நிரை, போ" என்றார் கங்காணி.

அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் இது என்ன என்று கேட்கவில்லை. மலையில் ரோட்டோரமாக, தட்டையான இடத்தில் நாலு செடியை அம்மாவுக்கு ஒதுக்கினோம். என் கண் எட்டும் தூரம். அம்மா மட்டக்கம்பைச் செடி மேல் வைத்து, அதற்கு மேலே எழும்பிய கொழுந்தை மட்டும் எடுப்பார். என் பேரை அப்போதே சில நாள் மறந்துவிடுவார், ஆனால் அவர் கூடையில் முத்தின இலை ஒன்றுகூட இருக்காது. பத்து மணித் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாய்ந்து தூங்குவார். மத்தியானம் கூட்டிக்கொண்டு வந்து சோறு போட்டால் பக்கத்துக் காம்பரா அக்காவின் பார்வையில் சாயங்காலம் வரை தூக்கம். அழுகை நின்றது. பூட்டை எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

முதல் தடவை பேர் கூப்பிட்ட அன்றைக்குச் சாயங்காலமே கங்காணியிடம் போய், ஆபீசுக்குத் தெரிந்தால் உங்களுக்குப் பிரச்சினை வராதா என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "கூப்பிடுறது என் வாயி. எழுதறது கணக்கப்புள்ள கையி. எழுதுனாத்தான தாயி கேள்வி வரும்? வாயில இருக்கறவரைக்கும் அது காத்து. நீ மட்டும் வெளிய எங்கயும் பேசிறாத."

நான் பேசுகிறவள். அது அவருக்கும் தெரியும், லயத்துக்கே தெரியும். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும், கடையில் சீனி சுற்றிக் கொடுக்கிற பேப்பரை விரித்து விரித்துப் படித்தே எழுத்து கற்றவள் நான். அதைவிட எனக்குப் பெரிய பள்ளிக்கூடம் மனுஷர் வாய். யார் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு நாலு பேரிடம் போய்ச் சொன்னால்தான் எனக்குச் சாப்பாடு செரிக்கும். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் மூன்று வருஷத்துக்கு மேல் வாய்க்குள் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் மிஸ் வந்தார்.

ஹட்டன் டவுனில் ஒரு நிறுவனம். ஞாபகம் கெட்டுப்போன வயசாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு உதவி செய்யப் போகிறோம் என்று தோட்டம் தோட்டமாக வந்தார்கள். வயசாளிக்கு மருந்து கொடுக்க வருகிறவர்களைக் கண்டிருக்கிறோம். பார்த்துக்கொள்கிற எங்களுக்கு உதவி என்று ஒருத்தர் வந்தது அதுதான் முதல் தடவை. மிஸ் யாழ்ப்பாணத்து ஆள், முன்னாலே டீச்சராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கோயில் மடத்தில் பாய் விரித்து உட்காருவோம். ஆறு ஏழு பெண்கள். ஆமாம் என்பதை அவர் 'ஓமோம்' என்று சொல்கிற அழகுக்காகவே நான் ரெண்டு கேள்வி கூடக் கேட்பேன்.

முதல் கூட்டத்தில் அவர் ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்தார். எங்கேயோ வெளிநாட்டில் எழுதி, கொழும்பில் தமிழாக்கினது. வீட்டில் ஒவ்வொரு அறைக் கதவிலும் அது எந்த அறை என்று படம் ஒட்டுங்கள் என்று இருந்தது. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஒரு அக்கா, எங்க வீட்டுல கதவு ஒன்னுதான் மிஸ், அதுலயும் முருகன் ஒட்டியிருக்காரு, அவர எடுத்துட்டு என்ன ஒட்டறது என்று கேட்டார். தினமும் பூங்காவில் உலாவக் கூட்டிச் செல்லுங்கள் என்று அடுத்தது. பூங்கா நுவரெலியாவில் இருக்கிறது, போக ரெண்டு பஸ் மாறணும், ஏறிய பஸ்ஸிலேயே எங்கே போகிறோம் என்று மாமியாருக்கு மறந்துவிடும் என்றாள் இன்னொருத்தி. பார்த்துக்கொள்பவர் தனக்குப் பிடித்த பொழுதுபோக்குக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று வந்தபோது, எங்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு தூக்கம்தான் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

மிஸ்ஸும் சிரித்தார். சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். இது உங்களுக்கு எழுதினதில்லை, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன், உங்களுக்கெண்டு ஒரு புத்தகம் செய்வம் என்றார். எனக்கு அந்த நிமிஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. எங்களிடம் வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஆயிரம் பேர். எங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் ஆயுசில் நல்ல நாட்கள், அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். வாய் திறந்தால் முத்து முத்தாக விழும். ஸ்டோரில் வேலை பார்த்து நின்ற புருஷனை வைத்திருந்த ஒரு அக்கா சொன்னார்: "அவரு தலைக்குள்ள பஸ்ஸு நெரிசல் மிஸ். பழைய ஆளுங்க ஒருத்தரும் எறங்க மாட்டேங்கறாங்க. புது ஆளு ஏற முடியல." மாமியாரைப் பார்க்கிறவள் சொன்னாள், புள்ள வளக்கறப்ப நாளைக்கு என்ன புதுசா கத்துக்கும்னு காத்துக்கிட்டிருப்போம், இவங்களோட நாளைக்கு எத விட்டுருவாங்கனு காத்துக்கிட்டிருக்கேன் என்று. நான் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் யாழ்ப்பாணத்து வார்த்தையில் எழுதியதை எங்கள் வார்த்தைக்கு மாற்றிக் கொடுப்பேன். 'அறளை பேந்திட்டுது' என்று எழுதியிருந்தால், எங்க ஆளுங்களுக்கு விளங்காது மிஸ், 'புத்தி தடுமாறிருச்சு'னு போடுங்க என்பேன். எழுதுவார். என் பேச்சு அச்சில் ஏறப்போகிறது என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

அறளை பேந்தது மிஸ்ஸின் அம்மாவுக்கும்தான். சண்டையில் ஊர் விட்டு வந்து வவுனியாவில் தம்பி வீட்டில் இருந்தார். விட்டு வந்த வீட்டுக் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன், எடுத்து வா என்று தம்பியைத் தினமும் அனுப்புவாராம். தம்பி வெளியே போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவானாம். ஒரு நாள் எங்கள் காம்பராவில் பால் இல்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டே மிஸ் இதைச் சொல்லி அழுதார். அதற்கு மேல் அவர் எனக்கு மிஸ் இல்லை. கூடப் பிறந்தவள்.

பஸ் நெரிசல் என்று சொன்ன அக்கா, அந்த ஸ்டோர்க்காரரின் சம்சாரம், ஒரு கூட்டத்தில் மாட்டவே மாட்டாமல் அழுதார். புருஷன் ஷிப்டுக்கு நேரமாச்சு என்று கதவில் மோதுகிறார், நெற்றி வீங்கிவிட்டது, பூட்டாமலும் முடியவில்லை என்று. அழுகிறவளைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது? நான் சொல்லிவிட்டேன். அம்மாவின் பேரைப் பெரட்டில் கூப்பிடுகிறதை, பக்கத்து நிரையை, நாலு செடியை, எல்லாவற்றையும். உங்க வீட்டுக்காரரையும் ஸ்டோர் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய், வாச்சருகிட்ட சொல்லி, உள்ளே வாங்கனு ஒரு வார்த்தை சொல்ல வையுங்க என்றேன். சொன்ன பிறகுதான் மிஸ்ஸின் பேனா ஓடுவதைப் பார்த்தேன்.

"இத மட்டும் எழுதாதீங்க மிஸ்" என்றேன். "தொரைக்குத் தெரிஞ்சா கங்காணி ஐயாவுக்கு ஆகாது. எங்கம்மா மறுபடியும் பூட்டுக்குள்ள போயிருவாங்க."

மிஸ் அந்தத் தாளைக் கிழித்து, நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "எழுதேல்ல அக்கா. என்னை நம்புங்கோ."

நம்பினேன்.

அதற்கு ரெண்டு கிழமைக்குப் பிறகு, அம்மா கொழுந்து எடுப்பதைத் தான் ஒரு தரம் பார்க்கணும் என்றார் மிஸ். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மூடுபனி விலகி வெயில் லேசாக விழுந்த நேரம். அம்மா செடி நடுவில் நின்றுகொண்டு, மிஸ்ஸைப் பார்த்து, புது ஆளா, மட்டக்கம்பை எங்கே வைத்துவிட்டு வந்தாய், மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கண்டால் திட்டுவார் என்று அதட்டினார். மிஸ் சின்னக் கேமரா ஒன்றை எடுத்தார். நான் கையை நீட்டி மறித்தேன். எனக்கு மட்டும் அக்கா, என்ர தம்பிக்குக் காட்ட, அவன் அம்மாவோட படுற பாட்டுக்கு இதப் பார்த்தானெண்டால் ஒரு தெம்பு வரும் என்றார். தம்பிக்கென்றால் சரி. நானே அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டேன், படத்தில் நன்றாக விழட்டும் என்று.

புத்தகம் வெளியிடும் நாளுக்கு எங்களை வேனில் ஹட்டனுக்குக் கூட்டிப் போனார்கள். மண்டபத்தில் குத்துவிளக்கு, பூ, மேடையில் பெரிய ஆட்கள். கொழும்பு ஆபீஸ்காரர்கள், டாக்டர் ஒருத்தர், தோட்டத்துத் துரைமார் ரெண்டு பேர். அதில் ஒருத்தர் எங்கள் துரை. நிறுவனம் தோட்டத்தில் வேலை செய்ய அனுமதி கொடுத்தவர் என்று அவருக்கும் ஒரு மாலை. நாங்கள் ஏழு பேரும் முன்வரிசையில், இருந்ததிலேயே நல்ல சேலையில்.

மறைத்திருந்த துணியை எடுத்தார்கள். ஆளுயரத்துக்குப் புத்தகத்தின் அட்டைப்படம். எங்கம்மா.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அம்மா அவ்வளவு அழகாக இருந்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு படம் யாரும் பிடித்ததில்லை. பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். அதற்குப் பிறகுதான் படத்தின் மீதியைப் பார்த்தேன். அம்மாவுக்குப் பின்னால், நடைபாதையில், தொப்பியும் குடையுமாகக் கங்காணி. அவருக்கு மேலே மலையின் நம்பர் எழுதின தகரப் பலகை.

கையில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். நான் விரல் வைத்து வரி வரியாகப் படிக்கிறவள், அன்றைக்குப் பக்கங்களைக் கிழிக்காத குறையாகப் புரட்டினேன். பஸ் நெரிசல் இருந்தது. நாளைக்கு எதை விடுவார்களோ என்பது இருந்தது. நடுவில் ஒரு பக்கம் முழுக்கப் பெரட்டு. ஓய்வு பெற்ற ஒரு தாயைத் தினமும் பெரட்டில் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற கங்காணியின் நல்ல மனசு, அந்தத் தாய் மகளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் அழகு. நான் சொன்ன வார்த்தைகள்தான், ஒன்றுகூட மாறவில்லை. எங்கள் பேச்சுக்கு மாற்றி எழுத அவருக்கு நான்தானே கற்றுக்கொடுத்தேன். தாளைக் கிழித்துக் கொடுத்தவர், தலைக்குள் எழுதி வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மேடையில் எங்கள் துரை அட்டைப்படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கைதட்டினார்.

மறுநாள் காலையில் பெரட்டு முடிந்ததும் கங்காணிக்கு ஆபீசில் இருந்து அழைப்பு வந்தது. கிழவி மலையில் விழுந்து கை கால் உடைந்தால் யார் பொறுப்பு, கொம்பனிக்கு யார் பதில் சொல்வது என்று துரை கேட்டிருக்கிறார். கையில் ஒரு கடுதாசி. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று அதில் எழுதியிருந்ததாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு கடுதாசி வாங்காத மனுஷர். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. அவர் சம்சாரம் வந்து, என்னைத் திட்டாமல், அவருக்குத் தலைவலிங்க, அப்புறம் வாங்க என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் காலையில் நான் அம்மாவைத் தடுத்துப் பார்த்தேன். முடியவில்லை. களத்தில் வரிசையின் மூன்றாவது ஆளாக நின்றார். கங்காணி பேர் எழுதின கொப்பியைப் பார்த்தபடி பேர் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் அம்மா தலையை நிமிர்த்தினார். கடைசிப் பேரும் முடிந்தது. ஆட்கள் கலைந்து மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். கங்காணி கொப்பியை அக்குளில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல், வேகமாக நடந்து போனார்.

"எம் பேரு விட்டுப்போச்சு போல" என்றார் அம்மா என்னிடம். "போயி நியாபகப்படுத்து. அவரு மறதிக்காரரு."

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நேராக ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். மிஸ் ஆபீசில் புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். புத்தகத்தைக் கொழும்பில் எல்லாரும் புகழ்கிறார்கள் என்று தொடங்கினார். நான் கையை உருவிக்கொண்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது, அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

"நான் பேர் ஒண்டும் போடேல்லத்தானே அக்கா" என்றார்.

"மூஞ்சியப் போட்டிருக்கீங்களே மிஸ்."

கொழும்பில் இருந்து நல்ல படம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கடைசி நேரத்தில் வேறு படம் கையில் இல்லை, நானும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன் என்றார். பெரட்டுப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தில் புதிதாக என்ன இருக்கிறது என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்களாம். மலைநாட்டு மக்களுக்கென்று மலைநாட்டு மக்களே கண்டுபிடித்த வழி அது ஒன்றுதானாம். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சுப் பாருங்கோ அக்கா, உங்கட அம்மாவால எத்தினை குடும்பத்துக்கு உதவி" என்றார்.

"எங்கம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

அவர் தேத்தண்ணி வரவழைத்தார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஆட்கள் மூன்று வருஷமாக ஒரு கிழவியைக் கையில் ஏந்தி நடந்தார்கள், ஒருத்தரும் அதற்குப் பேர் வைக்கவில்லை. பேர் வைத்து, அழகு பார்த்து, அட்டையில் போட்டதும் அது கீழே விழுந்துவிட்டது. புகழ்ந்தே கெடுக்கலாம் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

நாலு நாள் கழித்து மிஸ் வீட்டுக்கு வந்தார். துரையைப் பார்த்துப் பேசியிருக்கிறார், மன்னிப்புக் கேட்டிருக்கிறார், துரை எழுத்தில் கொம்பனி அனுமதி கொண்டுவா என்றிருக்கிறார். அது வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதற்கு நடுவில் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சேலை, கையில் பை, பைல். ஆபீசில் இருந்து வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கும்பிட்டார்.

"அம்மா, எம் பேரு இருக்குங்களா? நாளைக்கு பெரட்டுக்கு வரட்டுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மிஸ் சொல்லிவிட்டார், "ஓம் அம்மா, வாங்கோ. உங்கட பேர் இருக்கு."

அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்ன சொல்ல. நான் மிஸ்ஸை வெளியே கூட்டிப் போய், என்ன செஞ்சிட்டீங்க என்று கேட்டேன். அந்த நேரத்துக்கு ஒரு ஆறுதல் அக்கா, அவங்களுக்கு நாளைக்கு நினைவிருக்காது, புத்தகத்திலேயும் அப்பிடித்தான் போட்டிருக்கு, எதிர்த்துப் பேசாமல் ஒத்துப்போகணும் எண்டு என்றார். அவர் வீட்டில் தம்பி வாளி தேடி வெளியே போய் நிற்பது போலத்தான் இதையும் நினைத்திருப்பார். அங்கே கிணறு பக்கத்தில் இல்லை, வாளி இல்லை என்று யாரும் வந்து சொல்லப் போவதில்லை. இங்கே களம் இருக்கிறது. பேர் கூப்பிடுகிற ஆள் இருக்கிறார். சங்கு ஊதுகிறது.

எல்லாவற்றையும் மறக்கிற அம்மா அதை மட்டும் மறக்கவில்லை. மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து, தலை சீவி, படங்கு கட்டித் தயாராக இருந்தார். அன்றைக்குக் கங்காணிக்குப் பக்கத்தில் புதிதாக வந்த கண்டாக்கு நின்றார், சின்ன வயசு, துரையே அனுப்பியிருக்கிறார் போல. பேர் கூப்பிட்டு முடிந்தும் அம்மா நகரவில்லை. கண்டாக்கு பக்கத்தில் வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு இங்க வேலை இல்லீங்க பாட்டி, வீட்டுக்குப் போங்க என்றார். அம்மா, ஆபீஸ் அம்மா வந்து சொன்னாங்களே, பேரு இருக்குன்னாங்களே என்றார். அப்படி யாரும் சொல்லவில்லை, கொப்பியில் பேர் இல்லை என்று கொப்பியைத் திறந்தே காட்டினார் அவர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து, அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார்.

திரும்பி வரும்போது அம்மா அழவில்லை. லயத்தடிக்கு வந்ததும் நின்று, கூடையை இறக்கி என்னிடம் நீட்டினார்.

"பத்துச்சீட்டு குடுத்துட்டாங்க" என்றார். அந்தக் காலத்தில் வேலையை நிறுத்தி, தோட்டத்தை விட்டே வெளியேறச் சொல்லிக் கொடுக்கும் கடுதாசி அது. அம்மாவின் சின்ன வயசில் அவர் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "நான் ஒரு நாளு லேட்டா வந்ததில்ல. எவளோ ஆபீசுல போயி வாய வச்சிருக்கா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு நான் மகள் இல்லை, மலையில் கூட வேலை பார்க்கிற யாரோ. "நீ நல்ல புள்ளையா இருக்க. அவ யாருன்னு தெரிஞ்சா எங்கிட்ட சொல்லு" என்றார்.

சொல்லவில்லை. அதற்குப் பிறகு அம்மா உயிரோடு இருந்த ரெண்டு வருஷத்தில் ஒரு நாளும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மிஸ்ஸின் கூட்டத்துக்கு நான் அதற்குப் பிறகு போகவில்லை. பூண்டுலோயாப் பக்கம் பயிற்சி வைக்கிறோம், அக்கா வந்து பேசணும் என்று ரெண்டு தரம் சொல்லி அனுப்பினார். ஸ்டோர்க்காரரின் சம்சாரம் போய்ப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். அவர் புருஷனை வாச்சர் இன்றைக்கும் வாசலில் கூப்பிட்டு உட்கார வைக்கிறார், அது படத்தில் வரவில்லை, அதனால் பிழைத்தது. நல்லதுதான். கங்காணி வேலை முடிந்து நிற்கும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரட்டில் என் பேரைக் கூப்பிடும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

பசாரில் புதுப் பூட்டு வாங்கினேன். சங்கு ஊதினாலும் அம்மா அதற்குப் பிறகு எழவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தலைமாட்டில் தேத்தண்ணியும் ரொட்டியும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டுவேன். பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன், உள்ளே இருந்து தட்டுவார், தொறங்க என்று கெஞ்சுவார் என்று. ஒரு நாளும் தட்டவில்லை. பேர் இல்லாத ஆள் எதற்காகக் கதவைத் தட்டணும்?